சாளைக்கு அளந்த ரோடு

சேலத்துக்கு மேற்கே ஒரு சின்ன முனிசிபாலிடியில் நான் கட்டட ஓவர்சீயராகச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். தஞ்சாவூர்க்காரனான எனக்கு என் தமிழ்மேல் கொஞ்சம் தலைக்கனம். மனுவில் பிழை கண்டால் சிவப்பு மையால் திருத்திவிட்டுத்தான் பைலில் கட்டுவேன்.

பழனியப்பன் என்ற விவசாயி, 'ஊட்டுக்குப் பொறவால சாளை போட' அனுமதி கேட்டிருந்தார். அதை 'வீட்டுக்குப் பின்னால் சாலை போட' என்று திருத்தினேன். தனியார் சாலைக்கு இருபது அடி அகலம் வேண்டும் என்பது எங்கள் ரூல். பிளானில் இருந்தது வெறும் ஒரு கட்டம், அகலம் பன்னிரண்டு அடி. நிராகரிக்கலாம் என்று எழுதினேன், கமிஷனர் கையெழுத்துப் போட்டார். ஏற்கெனவே போட்டிருந்தால் ஏழு நாளில் அகற்றச் சொல்லி நோட்டீசும் போனது.

எட்டாம் நாள் டேப்போடு போனேன். கூடவே பியூன். வீட்டுக்குப் பின்னால் மண்சுவரும் ஓட்டுக்கூரையுமாக ஒற்றை அறை நின்றது. அதன் வாசலில் பழனியப்பனின் தங்கை ராமாயி.

"சாலை எங்கேம்மா?"

"கண்ணு முன்னால நிக்குதுங்களே."

"இது வீடு. நான் கேட்பது ரோடு."

"ஏனுங்க, ரோட்டுலயா நாங்க குடியிருப்போம்? சாளைன்னா சின்ன ஊடுங்க!"

உள்ளூர்க்காரரான பியூன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்கு மானம் போயிற்று.

ராமாயி சிரிக்கவில்லை. "புருசன் செத்து ரெண்டு வருசமாச்சுங்க. அண்ணன் நல்லவருதானுங்க, அண்ணியும் ஒண்ணும் சொல்றதில்லீங்க. ஆனாலும் இன்னொருத்தி அடுப்புல வெந்த சோத்தை எத்தன நாளைக்குத் திங்கறதுங்க? இதையும் இடிச்சுப் போட்டீங்கன்னா நான் எங்கீங்க போவேன்?"

ஒரே மனையில் இரண்டாவது குடித்தனம் வைக்கவும் ரூல் உண்டு. இரண்டுக்கும் நடுவே திறந்தவெளி, புகை போக வழி, ஓலைக்கூரை கூடாது. அளந்து பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. தப்பு என் சிவப்பு மையில்தான்.

ஆபீசில் ஹெட் கிளார்க் காதைக் கடித்தார். "புது மனு ஒண்ணு எழுதி வாங்கிக்கோப்பா. பழசைக் கிளறாதே. நீ இன்னும் புரொபேஷன்லே இருக்கே."

பழைய நோட்டீஸ் இருக்கும்வரை யார் வேண்டுமானாலும் கடப்பாரையோடு போய் நிற்கலாம். நடந்ததை அப்படியே எழுதி, பிழை என்னுடையது என்று கையெழுத்திட்டு மேஜையில் வைத்தேன்.

கமிஷனர் படித்துவிட்டு, "நீர் பேசாமல் தமிழ்ப் பண்டிதர் வேலைக்கு மனுப் போட்டிருக்கலாமே ஐயா!" என்றார். உத்தரவு ரத்தாகி அனுமதி கிடைத்தது. என் சர்வீஸ் புத்தகத்தில் ஓர் எச்சரிக்கையும் ஏறியது. இப்போது வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: மனுவில் ஒரு சொல் விளங்காவிட்டால், பேனாவை மூடிவிட்டு எழுதியவரிடம் போய்க் கேளுங்கள்.

அனுமதியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே புது அடுப்பில் கம்பஞ்சோறு வெந்திருந்தது. மனுதாரர் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பதும் ரூல்தான். அதைச் சொன்னேன்.

"அண்ணனுக்குக்கூட இன்னும் போடலீங்க. என்ற ஊட்டுல மொதச் சோறு இது. உக்காருங்க சாமி" என்றார் ராமாயி.

உட்கார்ந்தேன்.