சுளை விளையாட்டு போன வழி

"அங்கன என்ன நடக்கு தெரியுமாக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் மாஜிதா எந்தக் கடைக்குள்ளும் நுழைவாள். ஐந்தருவிச் சாரலில் நனைந்த குடையை மடக்கக்கூட மாட்டாள். மூலையில் கிடக்கும் காலிப் பழப்பெட்டியைத் தானே எடுத்துக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். குடைத்தண்ணீர் ரம்புட்டான் கூடையில் சொட்டும். பேராச்சியின் பழக்கடை என்றால், அவள் முறைத்துக்கொண்டே கூடையை நகர்த்திவிட்டு, "என்னவாம்?" என்று காதைக் கொடுப்பாள்.

மாஜிதா கடையநல்லூர்க்காரி. கல்லூரி வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். தலைப்பை ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாது. சுருக்கமாகச் சொன்னால், ஒரு வியாபாரி கண்டுபிடித்த புது உத்தி மற்ற வியாபாரிகளிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான். அவளுடைய உம்மா ஹாஜரா பீவி இதை இன்னும் சுருக்கி வைத்திருக்கிறார்: "எம் மவ கடை கடையா வம்பளக்கப் படிக்கா."

உம்மா சொல்வதில் பொய்யும் இல்லை. கேள்வித்தாளை நீட்டினால் வியாபாரி வாயைப் பூட்டிக்கொள்வான் என்பதை மாஜிதா முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டாள். அன்றோடு தாள்களைப் பைக்குள் திணித்தவள்தான். "ஒரு சேதி வாங்கணும்னா நாம ஒரு சேதி குடுக்கணும்லா" என்பது அவள் வேதம். பேச்சுக்கு நடுவே ஒரு மங்குஸ்தானை உருட்டி, உடைத்து, தின்று, சண்டை போட்டாவது அதற்குக் காசு கொடுத்துவிடுவாள். அவளுடைய துப்பட்டாக்களில் ஒன்றுகூட அந்த ஊதாக் கறைக்குத் தப்பியதில்லை.

அந்த மங்குஸ்தானில்தான் அவளுக்குப் புதையல் கிடைத்தது. பேராச்சிக்கு எதிர்க்கடை தாணு அண்ணாச்சி ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருந்தார். பழத்தை நீட்டி, உள்ளே எத்தனை சுளை என்று பிள்ளைகளைக் கேட்பார். சரியாகச் சொன்னால் இன்னொரு பழம் இலவசம். பழத்தின் அடியில் இருக்கும் பூவிதழை எண்ணினாலே விடை தெரிந்துவிடும். அந்த ரகசியத்தைப் பிள்ளைகள் கண்டுபிடிப்பதற்குள் அப்பாமார் பை நிறைய வாங்கியிருப்பார்கள். கொஞ்ச நாளில் பார்த்தால், அதே விளையாட்டு பேராச்சி கடையிலும் நடக்கிறது!

ஆனால் தாணுவும் பேராச்சியும் எலியும் பூனையும். தார்ப்பாயில் தேங்கிய மழைத்தண்ணீரைத் தாணு தள்ளிவிட, அது பேராச்சியின் பழத்தில் கொட்டியதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இவர் கடையில் என்ன நடக்கிறதென்று அவள் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. பிறகு எப்படிப் போனது? மாஜிதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பகையாளிகளுக்கு நடுவிலும் ஏதோ ஒரு கண்ணுக்குத் தெரியாத வலைப்பின்னல் இருக்கிறது என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டாள்.

வழிகாட்டிப் பேராசிரியர் மகாதேவன் அதைப் படித்துவிட்டு, நடுவே ஆள் இல்லாமல் உத்தி பறந்தா போகும் என்று கேட்டார். அந்த ஆளைக் காட்டு, இல்லாவிட்டால் அத்தியாயத்தை எடுத்துவிடு என்று முடித்துவிட்டார். போன சீசனும் இந்த சீசனும் நனைந்த நனைப்பெல்லாம் அந்த ஒரு அத்தியாயத்துக்காகத்தான். அது போனால் ஆய்வில் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்தான். மாஜிதா ஆட்டோக்காரர்களைக் கேட்டாள், டீக்கடையில் கேட்டாள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களையும் விடவில்லை. ஒருவருக்கும் தெரியவில்லை. காப்பியடித்தாயா என்று முகத்துக்கு நேரே கேட்டால் வருத்தப்படுவாளே என்று பேராச்சியை மட்டும் விட்டுவைத்திருந்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் அவளிடமே கேட்டாள்.

"என்னத்தம்மா கேக்க? நீதான சொன்ன" என்றாள் பேராச்சி. "தாணு சுளைய வச்சி வெளையாட்டு காட்டுதான், கூட்டம் அம்முதுன்னு இந்தப் பெட்டியில உக்காந்துதான சொன்ன? கையில வெண்ணெய வச்சிக்கிட்டு ஊரெல்லாம் நெய்க்கு அலையுதியே."

மாஜிதாவுக்கு முகம் செத்துப்போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது தனக்கென்றே சொன்னது போலிருந்தது. அத்தியாயம் போனது ஒரு பக்கம். நம்பிப் பேசிய தாணுவின் பிழைப்பைத் தூக்கி எதிரிக்குக் கொடுத்துவிட்டோமே என்பதுதான் அதிகமாகக் குத்தியது. எழுந்து நேரே எதிர்க்கடைக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

தாணு பழத்தைத் துடைத்தபடியே கேட்டார். "அதுக்கென்னம்மா. அவ பழத்த வாழைச்சருகுல அடுக்குதா, அழுகவே மாட்டேங்குன்னு எனக்கு யாரு சொன்னா? நீதான? இந்தச் சாரல்ல எம் பழம் பொழச்சதே அதுலதான்."

மாஜிதா சிரித்த சிரிப்பில் குளிக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேயே நின்று மகாதேவனுக்குப் போன் போட்டு, ஆள் கிடைத்துவிட்டது, அது நான்தான் சார் என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வலைப்பின்னல் படத்தில் உன்னையும் நடுவில் ஒரு புள்ளியாக வை, செய்ததை ஒளிக்காமல் எழுது, அத்தியாயம் நிற்கும் என்றார். இனிமேலாவது கடைகளில் வாயைக் கட்டு என்றும் சொன்னார். மாஜிதா சரி சார், சரி சார் என்று தலையை ஆட்டினாள்.

போனை வைத்ததும் தாணு எதிர்க்கடையை ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தணித்து, "அவளாலதான் பொழச்சேன்னு நான் சொன்னத அவகிட்ட மட்டும் சொல்லிராதம்மா" என்றார்.

மாஜிதா துப்பட்டாவால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, மாட்டேன் என்று தலையை அசைத்தாள். சாரலில் இறங்கி, பாதையைக் கடந்து, பேராச்சி கடைக்குள் போய், காலிப் பெட்டியை எடுத்துக் கவிழ்த்துப் போட்டாள்.