அத்தா சுட்ட கோழி

காய்ந்த வெந்தயக்கீரையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கும்போது எழுகிற, லேசாகக் கசக்கும் அந்த வாசனையைத்தான் சின்ன வயதில் அத்தாவின் வாசனை என்று நினைத்திருந்தேன். குவைத்தில் ஓர் ஓட்டலில் தந்தூரி அடுப்பின் முன் நின்று வேலை பார்த்த அவர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வெளிநாட்டுப் பிழைப்பை எங்கள் பக்கம் “சபர்” என்பார்கள். கடலூர் செம்மண்டலத்து வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்து பழகிவிட்டதால், அவர் வந்ததும் நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். அவருக்கும் “நல்லா படிக்கிறியாம்மா?” என்பதைத் தாண்டி என்னிடம் பேசத் தெரியாது.

நான் ஆறாவது படித்தபோது வந்தவர், “இனிமே போவல, பக்கத்துல சிதம்பரத்துல ஒரு கடை போட்டுக்கலாம்” என்று அம்மாவிடம் சொன்னார். ஒரு பழைய எண்ணெய் டின்னின் மேல்பக்கத்தை வெட்டி, அடியில் துளை போட்டு, கெடிலக்கரைக் களிமண்ணை உள்ளே பூசி மொட்டை மாடியில் காயவைத்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் கோழியை ஆழமாகக் கீறி, உப்பும் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்து ஊறவைப்பார். அம்மாவின் வெள்ளைத் துப்பட்டாத் துண்டில் தொங்கவிட்டு நீர் வடிந்த தயிரில் இஞ்சி பூண்டு விழுதும் கடுகெண்ணெயும் கசக்கிய வெந்தயக்கீரையும் சேர்த்துக் குழைத்து அதன்மேல் பூசுவார். “கலர் பவுடர்லாம் கடைக்குத்தாம்மா, வூட்டுக்கு வேணாம்” என்பார். கம்பியில் குத்திய கோழி டின்னுக்குள் வேகும்போது, கரியில் கொழுப்புச் சொட்டும் ஒவ்வொரு முறையும் அவருக்கு ஏதாவது ஒரு கதை ஞாபகம் வரும். நான் கதவைவிட்டு வெளியே வந்தது அந்த மாடியில்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, கோழியைப் பூசி மூடிவைத்த பிறகு குவைத் ஓட்டலிலிருந்து போன் வந்தது. அங்கே இன்னொரு சமையல்காரருக்கு உடம்புக்கு முடியவில்லையாம். உடனே வராவிட்டால் விசா போய்விடுமாம். அத்தா பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினார். பிறகு, “இன்னும் ஒரே ஒரு தடவ போய்ட்டு வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டு, பொழுது சாய்வதற்குள் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கரியைப் பற்றவைத்தார். எங்கள் இருவருக்கும் அந்த நெருப்பு பிடிபடவில்லை. மேலே கருகி, உள்ளே ரத்தம் கசிந்தது. அம்மா துண்டுகளைக் கழுவிக் குழம்பில் போட்டு, எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தார். குவைத்திலிருந்து போன் வந்தபோது, “நல்லா வந்துச்சுங்க, பாப்பா ரெண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்ட்டா” என்றார். பேசி முடித்த பிறகும் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

அந்த “ஒரே ஒரு தடவ” என் கல்யாணத்தையும் தாண்டி நீண்டது. அத்தா ஒரேயடியாகத் திரும்பி வந்தது அம்மா மவுத்தாகி அடக்கமான பிறகுதான்.

இப்போது நான் சிதம்பரத்தில் இருக்கிறேன். தெருவுக்குத் தெரு கோழி சுடுகிறார்கள். போனில் சொன்னால் வீட்டுக்கே வந்துவிடுகிறது. செம்மண்டலத்து மொட்டை மாடியில் வாடகைக்கு அறை கட்டிவிட்டோம். அந்த டின் எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தா அந்த வீட்டை விட்டு என்னோடு வந்து இருக்க மாட்டேன் என்கிறார். சில வெள்ளிக்கிழமைகளில் நான் கோழியை ஊறவைத்து டப்பாவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போவேன். கேஸ் அடுப்பில் கம்பி வலையை வைத்துச் சுட்டு இருவரும் சாப்பிடுவோம்.

போன தடவை, பாதியில் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “ஒங்கம்மாவுக்கு இது புடிக்குமாம்மா?”

அந்த நாட்களில் மாடியில் எங்கள் இரண்டு பேர் தட்டிலும் வைத்துவிட்டு, அம்மா கரிக்கு விசிறிக்கொண்டிருப்பார். அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததாக ஞாபகமே இல்லை. “புடிக்கும்த்தா” என்றேன். அவர் தலையசைத்துவிட்டு மறுபடி சாப்பிடத் தொடங்கினார்.