என் நடுப்பெண் போட்டுக்கொண்ட மொட்டை

போன வருஷம் ஆடி மாதம், திருத்தணி மலைக்கோயிலில் நடந்தது இது. சின்னவனுக்கும் கணவருக்கும் முடிக்காணிக்கை என்று, மூன்று பிள்ளைகளோடு பள்ளிப்பட்டிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தோம்.

நடுப்பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. பள்ளியில் கொடுத்த ஒரு படக்கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பத்து நாளாக என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். அதில் மூன்று கோழிக்குஞ்சுகள். நடுக்குஞ்சை யாரும் கண்டுகொள்வதில்லை என்று, அது கரியில் புரண்டு கன்னங்கரேல் என்று வந்து நிற்கும். அதுவரைதான் எனக்குத் தெரியும். "மீதியும் படிம்மா" என்பாள். அடுப்பில் வேலை இருக்கும், சின்னவன் அழுவான், பெரியவளுக்குப் பரீட்சை. "தோ வரேன்டி" என்பேன். எங்கே போனேன்!

மொட்டை போடும் மண்டபத்தில் நெரிசல் தாங்கவில்லை. கணவர் தன் டோக்கனை நடுப்பெண் கையில் கொடுத்துவிட்டு, வீறிட்டு அழும் சின்னவனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பெரியவளோடு சந்தனம் வாங்க வெளியே போனேன். திரும்பி வந்தபோது சின்னவனுக்கு முடிந்திருந்தது. "என் டோக்கன் எங்க?" என்றார் கணவர். அப்போதுதான் நடுப்பெண்ணைக் காணோம் என்றே எங்களுக்கு உறைத்தது. அந்த டோக்கன் மட்டும் வேண்டியிருக்காவிட்டால் இன்னும் எவ்வளவு நேரம் கழித்துத் தெரிந்திருக்குமோ!

மைக்கில் சொல்ல ஓடினோம். "பாப்பா இன்னா கலர் கவுனும்மா போட்டுகினு இருந்தது?" என்று கேட்டார்கள். பெரியவளுடையது, சின்னவனுடையது எல்லாம் ஞாபகம் இருந்தது. இவளுக்கு என்ன போட்டுவிட்டேன் என்று மட்டும் தெரியவில்லை. "ரெட்டை ஜடை" என்று மட்டும் சொல்லி அழுதேன். பிறகு ரெட்டை ஜடையைத் தேடிப் பைத்தியம் பிடித்தவளாட்டம் அந்தக் கூட்டத்தில் அலைந்தேன்.

கடைசியில் பூக்கார அம்மா ஒருத்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இந்தப் பாப்பா உன்னையே பாத்துகினு கீது பாரு."

படி ஓரத்தில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை. என் பெண்! அப்பாவின் டோக்கனை இன்னொரு மூலையில் இருந்த மொட்டை அடிப்பவரிடம் நீட்டி, "நைனா பின்னாடி வந்துகினு கீறாரு" என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏன்டி கூப்புடல?" என்று உலுக்கினேன்.

"ரெண்டு வாட்டி என்னைத் தாண்டிப் போன. நீ கண்டுபுடிப்பன்னு பாத்துகினே இருந்தேன். புக்குல அந்தக் கோழியம்மா கண்டுபுடிச்சிடும்மா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. கட்டிப்பிடித்துக்கொண்டேன். மரக்கட்டை மாதிரி நின்றாள்.

முடி இப்போது காதுவரை வளர்ந்துவிட்டது. என் முந்தானையைப் பிடித்து இழுப்பதில்லை, எதையும் படிக்கச் சொல்வதில்லை. நானாகக் கூப்பிட்டாலும், "பரவால்லம்மா, உனக்கு வேலை இருக்கும்" என்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், "உங்க நடுப்பொண்ணு எவ்ளோ சமத்து, ஒரு தொந்தரவு கிடையாது" என்று மெச்சிவிட்டுப் போகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம், என்னிடம் கேட்பதற்கு இனி ஒன்றுமே இல்லை என்று ஏழு வயதிலேயே முடிவு செய்துவிட்டாளே என்றுதான் தோன்றுகிறது.