போல்ட்டில் வைத்த சந்தனம்

போன சனிக்கிழமை மெல்பர்னில் ரோவில் என்ற பகுதியின் கடைவளாகத்தில் காய்கறி வாங்கிவிட்டு வெளியே வந்தேன். தூறிக்கொண்டிருந்தது. இரண்டு கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒற்றை அமெரிக்க பிக்கப் நின்றிருந்தது. அதன் சொந்தக்காரர் கிளம்புவதற்காக வைப்பரைப் போட்டார். இரண்டு வைப்பரும் இடது பக்கமாகப் போய்ச் சுத்தமாகத் துடைத்தன. வலது ஓரத்தில், ஓட்டுகிறவர் முகத்துக்கு நேராக, ஒரு முக்கோணம் மட்டும் துடைபடாமல் ஈரமாகவே நின்றது. அவர் கழுத்தைக் கொக்கு போல நீட்டி, அந்த முக்கோணத்துக்கு இந்தப் பக்கமாகப் பார்த்துப் பார்த்து வண்டியை வெளியே எடுத்தார். "அட, நம்ம வண்டி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

என் வண்டி இல்லை. நான் ஓட்டுவது ஒரு சின்ன ஜப்பான் கார். அதை இரண்டாக மடித்தால் அந்தப் பிக்கப்பின் பின்தொட்டியில் போட்டுவிடலாம். ஆனாலும் அமெரிக்க வண்டிகளைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு அரை மணி நேரம் பேசக் கருத்து இருக்கிறது. ஒரு வண்டியில் டம்ளர் வைக்கும் குழிகளை எண்ணினேன்; பதினொன்று. ஐந்து பேர் உட்காரும் வண்டியில் மிச்ச ஆறு டம்ளர் யாருக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஸ்டியரிங்கைச் சுண்டுவிரலால் சுற்றலாம், ஆனால் வண்டி அதைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். பின்னால் பிரேக் விளக்கே இண்டிகேட்டராகவும் சிவப்பில் மினுக்கும். நிற்கப்போகிறானா திரும்பப்போகிறானா என்று பின்னால் வருகிறவன் குறி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மெல்பர்ன் நகருக்குள் டிராம் ஓடும் தெருக்களில் வலது பக்கம் திரும்ப இடது ஓரத்தில் போய்க் காத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த இடத்தில் இப்படி ஒரு பிக்கப் காத்திருந்தால் தெருவே காத்திருக்கும். வளைவே இல்லாத நாட்டுக்குச் செய்த வண்டி அது.

இவ்வளவு வாய் பேசுகிற நான் என் முதல் சம்பளத்தை அந்த வண்டிகளால்தான் வாங்கினேன்.

கிளேட்டனில் படிப்பை முடித்த கையோடு, அங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தொலைவில், தகரக் கூரை போட்ட ஒரு பெரிய பட்டறையில் வேலை கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து இடது பக்கம் ஸ்டியரிங்கோடு வரும் பிக்கப்புகளைப் பிரித்து, ஸ்டியரிங்கை வலது பக்கம் மாற்றுவதுதான் அங்கே தொழில். டேஷ்போர்டு முழுவதையும் பெயர்த்து எடுப்போம். எஞ்சினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டை வெட்டி, வலது பக்கத்தில் புதுத் துளை போடுவோம். கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாவற்றையும் திருப்பிப் பொருத்துவோம். வைப்பரை மட்டும் மாற்ற மாட்டோம், செலவு அதிகம். அந்த முக்கோணம் எங்கள் பட்டறையின் கைநாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புது வண்டியின் கதவைத் திறந்ததும் ஒரு வாசம் வரும். பசை, பிளாஸ்டிக், இன்னும் யாரும் உட்காராத தோல். எனக்கு அது பள்ளிக்கூடத்தில் கொடுத்த புதுப் புத்தகப் பையை நினைவூட்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் உள்ளே போன முதல் ஆள் நான். அப்பா சங்ககிரியில் லாரி கிளீனர், அம்மா கல்குவாரியில் வேலை. இரண்டு பேருக்கும் பெருவிரலில் மை தடவித்தான் பழக்கம். ரேஷன் கார்டிலிருந்து நிலப் பத்திரம் வரை எங்கள் வம்சமே ஊதா நிற ரேகைகளாகத்தான் இருக்கிறது. பட்டறையில் என் வேலை தரப் பரிசோதனை. ஒவ்வொரு வண்டிக்கும் நாற்பது வரி உள்ள ஒரு தாள்; ஒவ்வொரு வரிக்கும் நேரே அந்த வேலையை முடித்தவர் கையெழுத்துப் போடுவார். எல்லாம் முடிந்தபின் அடியில் என் கையெழுத்து விழுந்தால்தான் வண்டி வெளியே போகும். முதல் தாளைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் ஆங்கிலம் தெரியாது. இரண்டு பேரும் கையெழுத்தை மட்டும் பார்த்தார்களாம்.

தேவன் அண்ணாவை நான் சந்தித்தது அங்கேதான். வவுனியாக்காரர், நாற்பது வயது இருக்கும். ஸ்டியரிங் பொருத்துவது அவர் பகுதி. அமெரிக்க வண்டி என்றால் அவருக்கு உயிர். எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்ப்பவர் போல நின்று கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் தினமும் காலைத் தேநீரோடு ஒரு சண்டை.

"இதென்னங்கண்ணா, காரா கல்யாண மண்டபமா? பந்தி போடலாம் போல இருக்குது."

"போடுங்கோவன். உங்கட யப்பான் கார் அந்தப் பந்திக்கு இலை கொண்டு வரட்டும்."

"இண்டிகேட்டரு சிவப்புல எரியுது. அதுக்கு என்ன பதில்?"

"தங்கச்சி, உங்கட ஊர் லொறியில பின்னால ஹோர்ன் அடி எண்டு எழுதி வச்சிருக்கினம். இண்டிகேட்டரே போடுறேல்ல. நீங்கள் வந்து அமெரிக்காவுக்குப் பிழை சொல்லுறியள்."

லாரிக்காரன் மகளிடமே இப்படிச் சொல்வார். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவேன். அவர் சிரிக்கிற சத்தம் வண்டிக்கு அடியிலிருந்து கேட்கும்.

அவர் வேலை விசாவில் இருந்தார். அந்த விசாவில் வேலை போனால், சில மாதங்களுக்குள் இன்னொரு முதலாளியைப் பிடிக்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். மனைவியும் மகளும் வவுனியாவில். நிரந்தர விசா வந்தபின்தான் அவர்களைக் கூப்பிடுவது என்று வைத்திருந்தார். கம்பெனி அடுத்த மாதம் அதற்குத் தேவையான கடிதத்தைக் கொடுப்பதாக இருந்தது. மகளின் அறைக்குக் கட்டில் பார்த்து வைத்துவிட்டதாகக் கூடச் சொன்னார். "என்ன நிறம் எண்டு கேட்டா, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிறம் சொல்லுறாள். கடைக்காரன் என்னைக் கண்டா ஒளிக்கிறான்."

இப்போது ஒரு மஞ்சள் புள்ளிக்கு வருகிறேன்.

ஸ்டியரிங் தண்டை இணைக்கும் போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானரால் குறிப்பிட்ட அளவுக்கு முறுக்க வேண்டும். முறுக்கியதும் போல்ட்டின் தலையில் மஞ்சள் மையால் ஒரு புள்ளி. மஞ்சள் இருந்தால் வேலை முடிந்தது, அதன்பிறகு யாரும் தொடக்கூடாது. அந்த வகை போல்ட்டை இரண்டாம் முறை முறுக்கினால் நீண்டு பலவீனமாகிவிடும். எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

அந்த வருடம் ஆயுத பூஜை ஒரு வேலை நாளில் வந்தது. ஊரில் அப்பா லாரியைக் கழுவி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைப்பார். அன்று லாரி ஓடாது. இங்கே யாரிடம் போய் இன்று ஸ்பானரைத் தொடக்கூடாது என்று சொல்வது? நான் ஆறரை மணிக்கே போனேன். பட்டறையில் யாரும் இல்லை. வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் மஞ்சளும் சந்தனமும் குழைத்து எடுத்து வந்திருந்தேன். வண்டியை உயர்த்தி நிறுத்தும் முதல் தூக்கியில் ஒரு வண்டி பாதி வேலையில் நின்றது. வாடிக்கையாளர் வண்டி, வெளியே பூசினால் யாராவது கேட்பார்கள். அதனால் யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, உள்ளே கையை விட்டு, ஸ்டியரிங் தண்டின் போல்ட் தலையில் ஒரு பொட்டு வைத்தேன். குங்குமம் கொண்டுவர மறந்திருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றேன். மனதுக்கு நன்றாக இருந்தது. அந்த மஞ்சள் மைப் புள்ளி எனக்கு ஞாபகமே வரவில்லை.

முந்தைய நாள் அந்தத் தண்டைப் பொருத்தியவர் வேறொருவர். போல்ட்டைக் கையால் மட்டும் திருகி வைத்துவிட்டுப் போனவருக்கு அன்று காய்ச்சல், வரவில்லை. மிச்ச வேலை தேவன் அண்ணாவுக்கு வந்தது. மஞ்சளைப் பார்த்தார். தொடவில்லை. தாளில் அந்த வரிக்கு நேரே, வராதவருக்கும் சேர்த்துத் தன் கையெழுத்தைப் போட்டார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

மறுநாள் காலை வண்டியைப் பட்டறை முற்றத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். என் பரிசோதனை அதற்கப்புறம்தான். இரண்டாவது சுற்றில் ஸ்டியரிங்கில் தட்டுகிற சத்தம் வந்தது. வண்டியைத் தூக்கியில் ஏற்றி, எண்ணெய்த் துணியால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு விளக்கு அடித்துப் பார்த்தார்கள். போல்ட் விரலுக்கே திரும்பியது. மேற்பார்வையாளர் கிரெக் தாளை எடுத்தார். கையெழுத்தைப் பார்த்தார். எல்லோரையும் கூப்பிட்டார்.

தேவன் அண்ணா தமிழிலும் ஆங்கிலத்திலுமாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"மஞ்சள் இருந்தது. நான் கண்டனான். யெலோ வாஸ் தேர்."

கிரெக் விளக்கை மறுபடியும் அடித்துக் காட்டினார். போல்ட் தலை வெறும் இரும்பாகப் பளபளத்தது. மஞ்சள் எங்கே என்று கேட்டார். தேவன் அண்ணா குனிந்து பார்த்தார், கிட்டத்தில் போய் இன்னொரு தடவை பார்த்தார். அங்கே நின்ற ஆறேழு பேரில், மஞ்சள் எங்கே போனது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். துணி கிரெக்கின் கையிலேயே இருந்தது.

நான் சொல்லவில்லை.

என் விசாவும் போய்விடும் என்ற பயம்தான் என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது உண்மையில்லை. பட்டம் வாங்கிய பொறியாளர், தரப் பரிசோதகர், போல்ட்டுக்குச் சந்தனம் வைத்தேன் என்று அந்த வெள்ளைக்காரர்கள் முன்னால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வாரம்தான் கிரெக் எல்லோர் முன்னாலும், இந்தத் தாள்களில் இவள் எழுதுவதுதான் தெளிவாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அதைத்தான் நான் காப்பாற்றினேன்.

செய்யாத வேலைக்குக் கையெழுத்து, அதுவும் ஸ்டியரிங்கில், கேட்டால் பொய் வேறு. வெள்ளிக்கிழமையோடு அவருக்கு வேலை இல்லை என்றார்கள். அன்று மதியம் நான் என்ன செய்தேன் தெரியுமா? பசித்தது. கொண்டுபோன தயிர் சாதத்தை முழுவதும் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவினேன். மூன்று வண்டிகளைப் பரிசோதித்து மூன்று தாளில் கையெழுத்துப் போட்டேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இப்போதும் வருவதில்லை. பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் வேறு யார் கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அந்த நாளை நினைத்தால் அப்படித்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை அவர் தன் கருவிப் பெட்டியை எடுக்க வந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். ஏதாவது சொல்வதற்காகத்தான் நின்றிருந்தேன் என்று நினைக்கிறேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கண்ணா போவீங்க?" என்றேன்.

"பாப்பம். பேர்த் பக்கம் சிநேகிதன் ஒருத்தன் நிக்கிறான். லொறி கராஜ்."

"கிடைச்சிருமா?"

"கிடைக்கும், கிடைக்கும். அங்கயும் அமெரிக்கன் லொறிதானாம்." சிரித்தார். பெட்டியைத் தூக்கினார். இரண்டடி போய்த் திரும்பினார். குரலில் கோபம் இல்லை; மதியச் சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"தங்கச்சி, அடுத்த முறை பூசைக்குக் குங்குமமும் வையுங்கோ. அப்பதான் ஆக்களுக்கு விளங்கும். அண்டைக்கு உள்ளுக்குத் தலையை விடேக்க சந்தனம் மணந்தது. உங்கட சாப்பாட்டுப் பையில இருந்து வருதெண்டு நினைச்சிட்டன். போட்டு வாறன்."

எப்போதிலிருந்து தெரியும், ஏன் கிரெக்கிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. பஸ் நிறுத்தம் வரை அவர் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே போனதைப் பார்த்தேன்.

உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. அன்று நான் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்காது. ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும். பட்டறையில் நாலு நாள் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதான். இது அப்போதே எனக்குத் தெரியும்.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. வண்டி மாற்றும் வேலையை அவர்கள் வேறொரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். தகரக் கூரைக்குக் கீழே இப்போது குழந்தைகள் குதித்து விளையாடும் இடம் இருக்கிறது. தோழியின் மகனின் பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். முதல் தூக்கி இருந்த இடத்தில், குதிக்கும்போது போட்டுக்கொள்ளும் காலுறைகள் விற்கிறார்கள். தூக்கியின் இரும்புக் கால்களை வெட்டிய நாலு வட்டத் தடங்களுக்கு மேல் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கிரெக் ஓய்வு பெற்றுவிட்டாராம். தேவன் அண்ணா பேர்த்துக்குப் போனாரா, அங்கிருந்து வவுனியாவுக்கே போய்விட்டாரா என்று சொல்ல ஆள் இல்லை. வவுனியாக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் கேட்டேன். எந்தத் தேவன் என்றார்கள். அவருடைய முழுப் பெயர் எனக்குத் தெரியவில்லை. அத்தனை தாள்களில் அவருடைய கையெழுத்தைச் சரிபார்த்திருக்கிறேன். ஒரு தடவையும் வாசித்ததில்லை.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து காய்கறியை எடுத்துவைத்தபின், அவருடைய பழைய எண்ணுக்கு அழைத்தேன். ஏழு வருடத்தில் முதல் தடவை. ஒரு பெண் எடுத்தாள். ஆங்கிலத்தில் பேசினாள். அப்படி யாரும் இங்கே இல்லை, இந்த எண்ணை வாங்கி நாலு வருடம் ஆகிறது என்றாள். நான் உடனே வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. ஏதாவது அவசரமா என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.