அம்மாவின் சந்தைப் பேச்சு

என் யூடியூப் சனலைப் பார்க்கிறவர்களுக்கு எங்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. எங்கள் வீட்டு நாய் எந்தக் காலை நொண்டும் என்று தெரியும். பூவரசங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வயலுக்குப் போகிற ஒழுங்கையில் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியும். நோர்வேயில் இருந்து ஒருவர் "தம்பி, அந்தப் புளியமரத்தடிப் பள்ளம் இன்னும் மூடேல்லையோ" என்று அக்கறையாகக் கேட்டு எழுதுவார். நான் அம்மாவோடு சண்டை பிடிக்கும்போது எந்தத் தமிழில் பிடிப்பேன் என்பது மட்டும் நீண்ட நாளாக ஒருவருக்கும் தெரியாது.

நாங்கள் தோட்டத்து வழி வந்தவர்கள். மலைநாட்டில் கலவரம் வந்தபோது தாத்தா தேயிலைத் தோட்டத்தை விட்டுவிட்டு, சின்னப் பிள்ளையாக இருந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டி நெல் போட்டார். அப்பாவின் குடும்பமும் அதே கதைதான். அதனால் வீட்டுக்குள் எங்களுக்கு "ஆமா", "வாங்க", "போறேன்". வாசல் படலையைத் தாண்டினால் "ஓம்", "வாங்கோ", "போறன்". இதை நடிப்பு என்று நான் நினைத்ததே இல்லை. செருப்பு மாதிரித்தான். வெளியே போகும்போது போடுவோம், வீட்டுக்கு வந்ததும் கழற்றுவோம். அம்மா இதற்குச் சந்தைப் பேச்சு என்று பெயர் வைத்திருந்தாள். வீட்டுப் பேச்சில் கத்தரிக்காய் விலை கேட்டால் சந்தையில் ஒரு பார்வை விழும். சந்தைப் பேச்சில் கேட்டால் "சொல்லுங்கோ அக்கா" என்று பதில் வரும்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் "தோட்டக்காட்டான்" என்று பட்டம் வைத்தார்கள். ஒரு தவணை முடிவதற்குள் வகுப்பில் எவனையும் விடத் திறமாக நான் ஓம் போட்டேன். கம்பஸுக்குப் போனபோது எல்லோரும் என்னை யாழ்ப்பாணத்துப் பொடியன் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தப் போகவில்லை. எதற்கு மினக்கெட வேண்டும்?

பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. திரை வெடித்த ஒரு போனும் நிறைய நேரமும் மட்டும் கையில் இருந்தன. ஒருநாள் கொடியில் காய்ந்த, அப்பா இடுப்பில் கட்டும் சாரத்தைக் குரங்கு ஒன்று இழுத்துக்கொண்டு புளியமரத்தில் ஏறிவிட்டது. நான் கீழே நின்று போனைப் பிடித்தபடி அதனோடு பேச்சுவார்த்தை நடத்தினேன். "அண்ணை, உது என்ர அப்பான்ர சாரம். உமக்கு அளவில்லை. மரியாதையாக் கீழ போட்டிட்டுப் போம்." குரங்கு சாரத்தைத் தலையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தது. அவ்வளவுதான் வீடியோ. சும்மா போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் போன் சூடாகிக் கிடந்தது. கனடா, சுவிஸ், லண்டன், அவுஸ்திரேலியா. என் வாழ்க்கையில் நான் கொழும்புக்கு அப்பால் போனதில்லை. என் குரல் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தச் சந்தோசத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வேலை இல்லாதவன் என்று ஊரே முகத்தைத் திருப்பிய நேரத்தில் எங்கோ பனிக்குள் இருக்கும் ஒரு பெண் எழுதுகிறாள்: "இந்தத் தமிழைக் கேட்டு எவ்வளவு காலம் தம்பி. செத்துப்போன என்ர அம்மா கதைக்கிற மாதிரிக் கிடக்கு."

அந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டேன். அவர்கள் கேட்டு வந்தது அந்தத் தமிழை. அடுத்த வீடியோவில் நான் "ஆமா" என்று சொன்னால் அந்தப் பெண்ணின் அம்மா இரண்டாம் தரம் செத்துப்போவாள். அதனால் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றே சந்தைப் பேச்சைத் தொடங்கினேன். "வணக்கம் எங்கட சனங்களே, எல்லாரும் சுகமோ?" பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் வைத்த அம்மா நிமிர்ந்து, படலைக்குள் யார் வந்துவிட்டார்கள் என்று பார்த்தாள்.

சமையல் வீடியோ கேட்டார்கள். சமைக்கத் தெரிந்தவள் அம்மா. அவள் வாயைத் திறந்தால் மலைநாடு வெளியே வரும். எனவே அம்மா பேசுகிற இடங்களை எல்லாம் வெட்டி, மேலே புல்லாங்குழல் போட்டேன். மீன் வெட்டினாலும் புல்லாங்குழல், மிளகாய் இடித்தாலும் புல்லாங்குழல். அப்பா பிரச்சினை தரவில்லை. போனைக் கண்டதும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். அதற்கும் "ஐயா சரியான உழைப்பாளி" என்று இதயம் வந்தது.

கொஞ்ச நாளில் கொமென்ட்கள் திசை மாறின. "அம்மா ஏன் கதைக்கிறேல்லை?" "அம்மாக்கு வாய் பேசேலாதோ தம்பி?" ஒருவர் கோயிலில் அம்மாவின் பெயரில் அர்ச்சனை செய்ததாகப் படம் அனுப்பினார். சுவிஸில் இருந்து ஒரு அக்கா, தனக்குத் தெரிந்த நல்ல டொக்டர் இருக்கிறார், அம்மாவுக்குப் பேச்சு வர வைக்கலாம் என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்து அதை அம்மாவுக்கு வாசித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "ஏன்டா, நான் ஊமையா?"

"இல்லம்மா, ஆனா நீங்க பேசுனா..."

"பேசுனா என்னா? சந்தையில பேசுற மாதிரி பேசுறேன். போதுமா?"

பேசினாள். என்னை விடத் திறமாகப் பேசினாள். வவுனியா சந்தையில் இத்தனை வருடம் பேரம் பேசிய வாய். "பிள்ளையள், உந்தக் கறிக்குப் புளி கூடப் போடக் கூடாது, விளங்குதோ" என்று அவள் கரண்டியைக் காட்டியபோது சனம் உருகிப்போனது. அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். சனல் வளர்ந்தது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே இப்போது அந்தச் சனலால் என்ற நிலைக்கு வந்துவிட்டோம்.

நான் கவனிக்காமல் விட்டது ஒன்று. வீடியோ எப்போது என்று நேரம் இல்லை. மழை பெய்தால் வீடியோ, பாம்பு வந்தால் வீடியோ. அதனால் அம்மா செருப்பைக் கழற்றுவதை விட்டுவிட்டாள். கமரா இல்லாத நேரத்திலும், அப்பாவிடம் கூட, "ஓமோம்" என்றாள். அப்பா ஒருமுறை சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். வயலுக்குப் போய்விட்டார்.

அறுவடை நேரம் சின்னம்மா வந்தாள். அம்மாவின் தங்கை. வன்னியில் பிறந்து, மலைநாட்டில் ஹட்டன் பக்கம் கல்யாணம் கட்டிப் போனவள். லீக்ஸ், கரட், தேயிலைத் தூள் எல்லாம் ஒரு உரப்பையில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். அம்மா ஓடிப்போய், "வா வா, எப்பிடி இருக்கிறாய், பயணம் களைச்சுப் போனியோ" என்றாள்.

சின்னம்மா பையை இறக்காமல் நின்றாள். "என்னாக்கா, வீடு மாறி வந்துட்டேனா? இது யாரு யாழ்ப்பாணத்து அம்மா?"

அன்றைக்குச் சிரித்தோம். மறுநாளும் சின்னம்மா அதையே சொன்னாள். "எங்கக்காவ எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?" என்று என்னிடம் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் குரலில் பகிடி இருக்கவில்லை.

அந்தக் கிழமைதான் கனடாவில் இருந்து ஒரு அன்ரியும் அங்கிளும் எங்களைப் பார்க்க வருவதாக எழுதினார்கள். சனல் தொடங்கிய நாளில் இருந்து பார்ப்பவர்கள். மறுக்க முடியாது. அம்மா கையால், பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் யாழ்ப்பாணத்து ஒடியற்கூழ் குடிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அம்மா வாழ்க்கையில் ஒடியற்கூழ் காய்ச்சியதில்லை. வேறு ஒருவரின் சனலைப் பார்த்துப் பழகினாள்.

நான் சின்னம்மாவிடம் போனேன். "சின்னம்மா, நாளைக்கு அப்பாவோட நெளுக்குளம் போயிட்டு வாங்களேன். அவரு கூட்டாளி வீட்டுல விசேசம்."

"என்னைய எதுக்குடா வெரட்டுற?"

"வெரட்டல. வர்றவங்க வேற மாதிரி நெனச்சுக்கிட்டு இருக்காங்க. ஒரு பின்னேரம்தான்."

"அப்ப வீட்டுல இருந்தா நான் பேசக்கூடாது?"

"கொஞ்சமா பேசுங்க."

"ஒங்கம்மாவ ஊமையாக்கி வச்சிருந்தியே, அந்த மாதிரியா?" சின்னம்மா உரப்பையில் இருந்து கரட்டை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். "கால் வலி. நான் எங்கயும் போகல."

மறுநாள் பின்னேரம் அவர்களை ஏற்றி வந்த வான் வாசலில் நின்றது. அன்ரி இறங்கியதும் அம்மாவைக் கட்டிப் பிடித்து அழுதாள். "எவ்வளவு ஆசையா இருந்தது தெரியுமோ உங்களைப் பாக்க." அம்மாவும் "வாங்கோ, இருங்கோ" என்று கதிரை போட்டாள். அங்கிள் நொண்டி நாயின் முன் குந்தி அதன் காலை விசாரித்தார். நான் படம் எடுத்தேன். பிழை வந்தால் வெட்டலாம் என்ற தைரியம் இருந்தது.

அப்போதுதான் அன்ரியின் கையைப் பார்த்தேன். அவள் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். "லைவ் போகுது தம்பி. எங்கட ஆக்கள் எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம்."

லைவுக்குக் கத்தரிக்கோல் இல்லை. புல்லாங்குழல் இல்லை.

அன்ரி குசினிக்குள் நுழைந்தாள். அங்கே சின்னம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கூழ் ஒரு அடுப்பில் கொதித்தது. மற்ற அடுப்பில் சின்னம்மா தட்டிய ரொட்டி வெந்தது. அன்ரி அவளைப் பார்த்து அன்பாகத்தான் கேட்டாள்: "சுகமோ? நீங்கள் எவடம்?"

சின்னம்மா என்னைப் பார்த்தாள். "நல்லா இருக்கேங்க. ஹட்டன் பக்கங்க."

"ஓ, தோட்டப் பக்கமோ. இஞ்ச வேலைக்கு நிக்கிறியளோ?"

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அப்படித்தான் அவர்கள் வளர்ந்த வீடுகளில் இருந்திருக்கும். குசினியில் அந்தத் தமிழ் பேசுகிறவள் என்றால் வேலைக்காரிதான். சின்னம்மா துருவலையை விட்டுக் கையை எடுத்து, அம்மாவைப் பார்த்தாள். அன்ரியின் போனும் அம்மா பக்கம் திரும்பியது.

நான் வாசலில் நின்றேன். "எங்கட சொந்தக்காரர், அன்ரி" என்று நான் முந்திக்கொண்டிருக்கலாம். எந்தத் தமிழில் சொல்வது என்று எனக்குள் ஒரு இழுபறி நடந்தது. அம்மா, "ஓம், இவா..." என்று தொடங்கினாள். நிறுத்தினாள். அகப்பையைக் கூழுக்குள் விட்டாள்.

"என் தங்கச்சிங்க. கூடப் பொறந்தவ. நாங்களும் அந்தப் பக்கத்து ஆளுங்கதாங்க."

அடுப்பில் ரொட்டி கருகியது. சின்னம்மா அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "அப்பாடா, எங்கக்கா வந்துட்டா" என்றாள்.

அன்ரி போனை இறக்கினாள். முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, குறை நினையாதேங்கோ அக்கா." பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் சின்னம்மாவின் கையைப் பிடித்தாள். அங்கிள் எதுவும் நடக்காதவர் போல உள்ளே வந்து ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டார். கூழை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாக் கிடக்கு" என்று சொல்லி, திரும்பவும் ரொட்டிக்கே போனார். போகும்போது இருவரும் அம்மாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். சொல்லப்போனால் நிம்மதியாக இருந்தது. இனி வெட்டத் தேவையில்லை, ஒளிக்கத் தேவையில்லை, சனல் செத்தாலும் சரி என்று போனை எடுத்தேன். ஒரு சிலர் "ஏமாத்தினவன்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் இதயம். "அம்மா, உங்கட சொந்தத் தமிழில கதையுங்கோ, கேக்க ஆசையாக் கிடக்கு." "தோட்டத்து ரொட்டி செய்து காட்டுங்கோ." "கொழுந்து பறிச்ச கதை சொல்லுங்கோ அம்மா."

அம்மா கொழுந்து பறித்ததே இல்லை. பறிக்கிற வயது வருவதற்கு முன்பே தாத்தா அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் ரொட்டி வீடியோ போட்டோம், குரங்கு வீடியோவையே தாண்டிப் போனது. பிறகு கொழுந்துக் கதை கேட்டார்கள், கேட்டார்கள், விடவில்லை. அம்மா, ஹட்டனுக்குத் திரும்பியிருந்த சின்னம்மாவுக்குப் போன் எடுத்து, கூடையை எப்படிக் கட்டுவது, அட்டை கடித்தால் என்ன பூசுவது என்றெல்லாம் கேட்டுக்கொண்டாள். அதைத் தன் கதையாகச் சொன்னாள். "ஆமாங்க", "இல்லீங்க", "சாமி" என்று வாக்கியத்துக்கு வாக்கியம் கூடப் போட்டாள். வீட்டில் அவள் ஒருநாளும் யாரையும் "சாமி" என்று கூப்பிட்டதில்லை. வீடியோ பார்த்துவிட்டுச் சின்னம்மா போன் எடுத்தாள். "அக்கா, முந்தி யாழ்ப்பாணத்து அம்மா. இப்ப இது யாரு?" அம்மா சிரித்துச் சமாளித்து வைத்துவிட்டாள்.

நிறுத்துவோமா என்று நானே கேட்டேன். "நிப்பாட்டிட்டு?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள். வேலைக்கு விண்ணப்பித்த இடங்களில் இருந்து இன்னும் ஒரு பதிலும் வரவில்லை.

நேற்றுப் பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அப்பா இன்னும் வயலில். நான் குசினி வாசலில் கதிரையைப் போட்டு வெறுமனே இருந்தேன். அம்மா தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என் கைகளையும் மடியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"தம்பி, எப்படிப் பேசட்டும்?"

போன் உள்ளே அறையில் சார்ஜில் கிடந்தது.