கிணற்றுக்குள் இறக்கிய கேமரா

தண்ணீருக்கடியில் வீடியோ எடுக்க ஒரு கேமரா வாங்கப் போகிறேன் என்றதும், கூட வேலை பார்க்கிறவர்கள் "அந்தமானா, மாலத்தீவா?" என்று கேட்டார்கள். நன்னிலம் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்றுக்கு என்று நான் சொல்லவில்லை. தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. ஊரார் எலும்பையெல்லாம் பார்த்தாயிற்று, எங்கள் கிணற்றின் அடியை மட்டும் பார்த்ததில்லை.

அந்தக் கிணற்றில்தான் என் அக்கா செத்துப்போனாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அம்மாவும் அப்பாவும் நடவு வயலில் இருந்தார்கள். வீட்டில் அவள் மட்டும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தெருவே எங்கள் கொல்லையில் நின்றது. கிணற்று ராட்டினத்தில் கயிறு இல்லை. வாளியும் இல்லை, பக்கத்தில் குடமும் இல்லை. "தண்ணி எடுக்க வந்தவ வெறுங்கையோடவா வருவா?" என்று யாரோ கேட்டார்கள். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு ஒரு வரன் தட்டிப் போயிருந்தது, ஆகவே காரணமும் தயார். குதித்துவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் பித்தளைக் குடத்தைக் காணோம். குடத்தோடு தண்ணீர் எடுக்கத்தான் போயிருக்கிறாள், குடம் கிணற்றுக்குள்ளேதான் கிடக்கிறது என்றாள். கூட்டத்தோடு கூட்டமாக எவனாவது தூக்கிக்கொண்டு போயிருப்பான் என்றார்கள் மற்றவர்கள். கிணற்றில் விழுந்த பாத்திரத்தைக் கொக்கி போட்டு எடுக்கும் பாதாளக்கரண்டி எங்கள் தெருவுக்கே எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் மட்டும்தான் இருந்தது. சொந்தம் இல்லை, வயதில் மூத்தவள் என்பதால் எனக்குப் பெரியம்மா. அவளிடம் அம்மா போய்க் கேட்டாள். "அது எங்கயோ தொலைஞ்சுபோச்சேம்மா" என்றாள் பெரியம்மா. அதற்குள் அப்பா கிணற்றின் மேல் பலகை அடித்து மூடிவிட்டார். அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்றார்.

ராட்டினத்தைக் கழற்றிய பிறகும் அம்மாவுக்கு அதன் கிரீச் சத்தம் கேட்டது. பாதிச் சாப்பாட்டில் கை கழுவாமல் எழுந்து கொல்லைக்கு ஓடுவாள். எனக்கு ஒன்றும் கேட்காது, ஆனாலும் அவள் பின்னாலேயே நானும் ஓடுவேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களின் கண்ணும் கொல்லைக்கதவில்தான் நின்றது. எனக்கோ அக்கா மேல் கோபம். காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டு, சாயங்காலம் பணியாரம் சுட்டுத் தருகிறேன் என்று சொன்னவள் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போவாளா? போனாளா, தவறிப் போனாளா? இத்தனை வருஷமும் அந்தக் கேள்வியோடுதான் தூங்கினேன்.

அப்பாவும் போய்ச் சேர்ந்தார். போன கோடையில் பழைய வீட்டை இடித்துக் கட்ட ஆரம்பித்தோம். இடித்த செங்கல்லைக் கொட்டிக் கிணற்றைத் தூர்த்துவிடலாம் என்றார் கொத்தனார். "குடத்தைப் பாத்துட்டு மூடு" என்றாள் அம்மா. உள்ளே இறங்க ஆள் கிடைக்கவில்லை. ஆள் செத்த கிணறு, விஷக்காற்று இருக்கும் என்று நழுவினார்கள். மோட்டார் வைத்து இறைத்தால் சுற்றுச்சுவர் சரிந்துவிடும். அப்படித்தான் எனக்குக் கேமரா யோசனை வந்தது.

வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. யூடியூபில் கேமராவைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லாரும் நீலக் கடலில் மீனோடு மீனாக நீந்துகிறார்கள். பாசி பிடித்த கிணற்றுக்கு எது ஆகும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. பிளாஸ்டிக் உறைக்குள் போனைப் போட்டு இறக்கலாம் என்றார்கள். என் போனை நம்பி அந்தக் கிணற்றில் விட எனக்குத் தைரியம் இல்லை. பிளம்பர்கள் குழாய்க்குள் விடுகிற ஒயர் கேமரா மலிவுதான், ஆனால் அதற்குத் தெரிவது உள்ளங்கை அகலம். ஹெல்மெட்டில் மாட்டுகிற சின்ன ஆக்‌ஷன் கேமரா அகலமாகப் பார்க்கும். வெளிச்சம் இல்லாத இடத்தில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. கடைசியில், உறை இல்லாமலே தண்ணீருக்குள் போகிற ஒரு சின்ன காம்பாக்ட் கேமராவைப் பழசாக வாங்கினேன். கிட்டத்தில் இருப்பதையும் அது தெளிவாக எடுக்கும், என் சம்பளத்துக்கும் தாங்கும். கூடவே நீச்சல்காரர்களின் டார்ச் ஒன்று. கடலில் சிவப்பு நிறத்தை மீட்கிற ஃபில்டரையும் என் தலையில் கட்டப் பார்த்தார் கடைக்காரர். எங்கள் கிணற்றில் நீலமே கிடையாது சாமி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் கிணறும் ஏறிக் கலங்கிவிடும். அதற்குள் முடிக்க வேண்டும். கேமரா மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மயிரிழை ஒட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே போகும் என்பதால் பஞ்சால் துடைத்தேன். அம்மாவின் நரைமுடி ஒன்று வந்தது. பி.வி.சி. குழாயின் நுனியில் கேமராவையும் டார்ச்சையும் சேர்த்துக் கட்டி மெதுவாக இறக்கினேன். பலகையை எடுத்த கிணறு ஈர மண் வாசனையை மூச்சாக விட்டது.

எடுத்து வந்து டி.வி.யில் போட்டால் வெறும் வெள்ளைத் துகள்கள். மழை பெய்வதைப் போல அவை விழுந்துகொண்டே இருந்தன. அம்மா அதையும் இமைக்காமல் பார்த்தாள். லென்ஸுக்குப் பக்கத்திலேயே வெளிச்சத்தை வைத்தால் தூசிதான் தெரியும் என்று மறுபடி தேடிப் படித்தேன். டார்ச்சை ஒரு கை தூரம் தள்ளி, குறுக்குக் குச்சியில் சாய்த்துக் கட்டினேன். துகள்கள் அடங்க ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி இறக்கினேன்.

இந்த முறை அடி தெரிந்தது. சேறு, செங்கல், ஒரு கொட்டாங்கச்சி. குடம் இல்லை. சுற்றுச்சுவரை ஒட்டி முழுக்கப் பார்த்துவிட்டோம். குடம் இல்லவே இல்லை. "அப்ப ஊரு சொன்னதுதானாடி?" என்றாள் அம்மா. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கேமராவை இறக்கியதற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ரிமோட்டை நான் அழுத்துவதற்குள் படத்தின் ஓரத்தில் ஒன்று வந்தது. பாதி புதைந்த இரும்பு வாளி.

"அது நம்ம வாளி" என்றாள் அம்மா. "நிறுத்து. அதும் மேல என்னடி?"

வாளியின் கைப்பிடியை நாலைந்து கொக்கிகள் கவ்விப் பிடித்திருந்தன. துருவேறிய பாதாளக்கரண்டி.

"நம்ம வீட்டுல ஏது பாதாளக்கரண்டி?" என்று கேட்டுவிட்டு அம்மா டி.வி.க்குக் கிட்டே போய் அந்தக் கொக்கிகளைத் தொட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சும்மா குடுப்பாங்களா? ஒரு பாத்திரத்தை வச்சாத்தானே குடுப்பாங்க."

எங்கள் பக்கத்தில் பாதாளக்கரண்டியை இரவல் கேட்டால், வீட்டுப் பாத்திரம் ஒன்றை ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்து வர வேண்டும். கரண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பாத்திரம் கைக்கு வரும். கயிறு அறுந்து வாளி உள்ளே போயிருக்கிறது. அக்கா குடத்தை ஈடு வைத்து, கரண்டி வாங்கி வந்திருக்கிறாள். ராட்டினத்தில் மிஞ்சிய கயிற்றில் அதைக் கட்டி இறக்க, வாளி சிக்கியும் விட்டது. தண்ணீரும் சேறுமாகக் கனத்த வாளியைக் குனிந்து இழுத்தபோது தவறி விழுந்திருக்கிறாள். என் அக்கா எங்களை விட்டுப் போகவில்லை. நான் வாய்விட்டு அழுதேன். அம்மா அழவில்லை.

கொத்தனார் வளைத்துத் தந்த கம்பியால் துழாவி இரண்டையும் மேலே எடுத்தோம். அம்மா கரண்டியை வாளியிலிருந்து கழற்றி, கழுவி, முந்தானையால் துடைத்தாள். தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். ஒவ்வொரு திதிக்கும் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியம்மா வெளியே வந்தாள். கரண்டியைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"போலீஸ் வந்துச்சேம்மா. நம்மளையும் இழுப்பாங்கன்னு எங்க வீட்டுக்காரரு வாயைத் திறக்க விடல. அப்புறம் எப்படிச் சொல்றது? சொல்ல வாயே வரல..."

அம்மா கரண்டியை வாசற்படியில் வைத்தாள்.

"எம்பொண்ணு உங்ககிட்ட வாங்கிட்டு வந்தது இது, அக்கா" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "அவளால திருப்பிக் கொண்டாந்து குடுக்க முடியல. நான் கொண்டாந்துட்டேன். எங்க குடத்தைக் குடுங்க."

பெரியம்மா உள்ளே போனாள். பரணிலிருந்து எதையோ இழுக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு கைகளையும் நீட்டியபடி வாசலிலேயே நின்றாள்.