கடைசிப் பலாவும் அண்ணன் பொருள் சொன்ன பாட்டும்

அன்று கொல்லையில் இருந்தவர்கள்: அண்ணன், அண்ணி, சித்தப்பா, சித்தப்பாவின் மகன்கள் இருவர், நான். வேறு யாரும் இல்லை. ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். அண்ணனின் நினைவு மலர் அச்சில் ஏறிய பிறகு திருத்த முடியாதே என்ற பயத்தில் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அண்ணன் மலைமேல் உள்ள எடப்புளி நாட்டில் பிறந்தார். இளம் வயதிலேயே தகப்பனாரை இழந்தும், அடிவாரத்தில் ஒரு வீட்டில் மாடு மேய்த்துக்கொண்டே உயர்நிலைப் பள்ளி வரை படித்தார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நான் சாமை குத்தும்போது ஓர் ஆங்கிலப் பாட்டுக்குப் பொருள் சொல்வார். புகை மண்டிய பட்டணத்தில் ஒரு புலவர் ஜன்னலருகே நிற்கிறார். வெளியே ஒரு பறவை கூப்பிடுகிறது. அதன் பெயர் அவருக்குத் தெரியவில்லை. நாமே கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, மலை நம்மை மறந்துவிட்டது என்கிறோம் என்று பாட்டு முடிகிறதாம்.

"அவரு பறவைக்காக அழுவல கண்ணு. தாழ் போட்ட தன்னோட கையப் பாத்துத்தான் அழுவறாரு" என்பார் அண்ணன். நம் வீட்டுக் கதவுக்குத் தாழே இல்லையே, திருடன் வந்தால் என்ன செய்வது என்று நான் கவலைப்படுவேன். சிரிப்பார்.

காட்டை ஒட்டிய கடைசிப் பலாவில் நாங்கள் காய் பறிப்பதில்லை. அது கரடிக்கும் குரங்குக்கும் விட்டது. அந்த ஆண்டு அண்ணியின் பிரசவச் செலவை நினைத்து, அந்த மரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டார் அண்ணன். மரத்தைச் சுற்றி முள் அடைத்தோம்.

பழம் மணத்ததும், குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு கரடி வந்தது. முள் தடுத்தது. திரும்பி, அங்கே முள்வேலியைச் சரிசெய்துகொண்டிருந்த அண்ணன்மேல் பாய்ந்தது. ஒரே அறையில் இடக்கண் போயிற்று. கன்னம் கிழிந்து பல் தெரிந்தது. மண்டை ஓட்டில் அதன் பல் உரசிய சத்தம் தூரத்தில் நின்ற எனக்கும் கேட்டது. சித்தப்பா ஈட்டியை அதன் விலாவில் இறக்கினார். மகன்கள் அரிவாளால் வெட்டினார்கள். விழுந்த பிறகும் வெட்டினார்கள். குட்டிகள் இரண்டும் முள்ளுக்குள் புகுந்து பலாவில் ஏறிக் கத்தின.

மரத்தோடு சாய்த்து அவற்றையும் கொல்வதென்று சித்தப்பா கோடரியை எடுத்தார். ஒரு வெட்டு விழுந்தது. அண்ணன் தவழ்ந்து போய் அடிமரத்தைக் கட்டிக்கொண்டார்.

"ஏங்கண்ணு, உன்ற பாட்டுக்காரத் தொர மூஞ்சியக் கரடி பேத்திருந்தா, அவரு பாடியிருப்பாரா?" என்று அண்ணனைக் கேட்டார் சித்தப்பா.

கிழிந்த வாயால் அண்ணன் சொன்னது எனக்கு மட்டுமே விளங்கியது. அவர் சொன்னபடியே உரக்கச் சொன்னேன்:

"தாழ் போட்டது நாந்தானுங்க சித்தப்பா. அது வந்து தட்டுச்சு. வெட்டறதுன்னா என்னையும் சேத்து வெட்டுங்க."

சித்தப்பா கோடரியை எறிந்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து அண்ணனின் முகத்தைக் கட்டினார். பொழுது சாயும்போது குட்டிகள் இறங்கிக் காட்டுக்குள் போனதை அண்ணி பார்த்திருக்கிறார்.

தொட்டில் கட்டி அடிவாரத்து ஆஸ்பத்திரி வரை அண்ணனைச் சுமந்த சித்தப்பாவுக்கும் அவர் மகன்களுக்கும், அண்ணன் வாய்க்குக் கஞ்சி ஊட்டிய அண்ணிக்கும் இந்த ஓராண்டு நிறைவில் கைகூப்புகிறேன். பிறந்த மகள் முகத்தை அண்ணன் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். புண் உள்ளே சீழ் பிடித்து, அடுத்த பலாக்காலத்துக்கு முன்பே போய்விட்டார். முள்ளைப் பிடுங்கிவிடச் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. பிடுங்கிவிட்டோம்.

அந்த மரத்துக் காயை இனி யாருக்கும் விற்கமாட்டோம். அதற்காக வாங்கிய முன்பணத்தில் வியாபாரிக்கு இன்னும் திருப்பித் தர வேண்டிய பாக்கி மூன்று ரூபாய்.